பதினாலு பன்னெண்டு

செருப்ப உள்ள கொண்டாந்து வைங்க அண்ணாச்சி. வாசல்ல கிடந்தா எதிர்த்த வீட்டுக்காரி பாத்துட்டு, பூரணத்தம்மா வீட்டுல யாரோ ஆம்பளைச் செருப்பு கிடக்குன்னு தெருப் பூரா சொல்லிட்டு வந்துருவா. நீங்க சம்பந்த விஷயமா வந்தவருன்னு அவளுக்குத் தெரியவா போகுது. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. மழைக்கு முந்தி வந்து சேந்துட்டீங்க, நல்லதாப் போச்சு.

தண்ணி குடிங்க. ஒண்ணும் கலக்கல. சிரிக்காதீங்க, நான் வெளியிடத்துல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டேன், அதனால சொல்றேன்.

சரி, வெவரத்துக்கு வருவோம். உங்க மகளுக்கு நம்ம நாயகத்தப் பேசியிருக்கீங்க. கோமதிநாயகம், ஆயுதப்படைல போலீஸ்காரன். ஜாதகம் பொருந்திருச்சு. பொண்ணுக்குப் பிடிச்சிருச்சு, அவனுக்கும் பிடிச்சிருச்சு. ஆனா அவன் வெச்சிருக்கிற போலீஸ் நம்பர் செத்துப்போன ஆளோட நம்பர்னு யாரோ உங்க காதுல போட்டுட்டாங்க. அத மாத்தினாத்தான் பொண்ணு குடுப்போம்னு நீங்க சொல்லிட்டீங்க. 'பூரணத்தம்மா சொன்னா மாத்திக்கிறேன், இல்லேன்னா மாட்டேன்'னு அவன் சொல்லிட்டான். நான் ஒரு வார்த்தை சொன்னா கல்யாணம், சொல்லலேன்னா இல்ல. அதுக்குத்தான் பஸ் ஏறி இங்க வந்திருக்கீங்க. சரிதானே?

இதெல்லாம் நீங்க வாசல்லயே சொன்னதுதான். எதுக்குத் திருப்பிச் சொன்னேன்னா, பொய் சொன்ன ஆளுன்னா திருப்பிக் கேக்கும்போது முழி மாறும். உங்களுக்கு மாறல.

அந்தச் செத்துப்போன ஆள் எங்க வீட்டுக்காரர்தான் அண்ணாச்சி. அந்தா படத்துல இருக்காரே, அவரு.

நான் இப்பவே சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. அந்தப் பையன் யாரு, எங்கேருந்து வந்தான், எதுக்கு என்னையே சுத்திச் சுத்தி வர்றான், எல்லாத்தையும் கேட்டுக்கோங்க. எனக்கு அவன் மேல ஆரம்பத்துலேருந்தே ஒரு சந்தேகம் உண்டு. இன்னிக்கும் உண்டு. பொண்ணப் பெத்தவர்கிட்ட மறைக்கக் கூடாதுல்ல.

போலீஸ்காரனுக்கு நம்பர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. வேலைக்குச் சேந்த அன்னிக்கு ஒரு நம்பர் குடுத்துருவாங்க. அப்புறம் பேர் பாதி, நம்பர் பாதி. எங்க வீட்டுக்காரருக்குப் பதினாலு பன்னெண்டு. ஸ்டேஷன்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. போன எடுத்தா, 'பதினாலு பன்னெண்டு பேசுறேன்யா'ம்பாரு. எனக்குக் கோவம் வந்தா நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். 'யோவ் பதினாலு பன்னெண்டு, சோறு ஆறுது'ம்பேன். மனுஷன் எங்க இருந்தாலும், கொல்லைல இருந்தாலும், 'உள்ளேன் ஐயா'ன்னு ரோல்கால்ல சொல்ற மாதிரி சத்தமாச் சொல்லிட்டு வருவாரு. சும்மா வரமாட்டாரு. எம் மக வடிவு விழுந்து விழுந்து சிரிப்பா.

அவரு உசுரு தரைப்பாலத்துலதான் போச்சு. ஆத்துல வெள்ளம், வண்டிகள மறிச்சு நிறுத்துற டூட்டி. ஒரு வேன்காரன் சொல்லச் சொல்லக் கேக்காம இறங்கிட்டான். இவரு இடுப்புல கயித்தக் கட்டிட்டு இறங்கி, வேனுக்குள்ள இருந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் கரையேத்தி விட்டாரு. டிரைவரப் பிடிக்கப் போகும்போது கயிறு அந்துருச்சு. அவருக்கு நீச்சல் தெரியாது அண்ணாச்சி. தெரியாதவர எதுக்கு அங்க நிறுத்தினாங்க? ஸ்டேஷன்ல நல்ல கயிறே இல்லையா, இருந்தத யாரு எங்க கொண்டு போனா? நான் கேக்காத ஆபீசர் இல்ல. நான் கயித்தப் பத்திக் கேப்பேன், அவங்க வீரத்தப் பத்திச் சொல்லுவாங்க. ஒருத்தராச்சும் கயித்தப் பத்திப் பேசல.

அன்னிலேருந்துதான் எனக்கு யாரையும் நம்ப முடியாமப் போச்சு. முன்னயும் கொஞ்சம் உண்டுன்னு எங்க அண்ணன் சொல்லுவான். அவன் பேச்ச விடுங்க, அவன் ஒரு ஆளு.

வருஷா வருஷம் அக்டோபர் இருபத்தொண்ணு, வீரவணக்க நாள். டூட்டில செத்த போலீஸ்காரங்களுக்கு ஆயுதப்படை மைதானத்துல மரியாதை பண்ணுவாங்க. ஜீப் அனுப்பி எங்களக் கூட்டிட்டுப் போய் முன்வரிசையில உக்கார வெப்பாங்க. சால்வை போத்துவாங்க. அந்தச் சால்வைய நான் வீட்டுக்கு வந்ததும் உதறிப் பாப்பேன். எதுக்குன்னு கேக்காதீங்க, உதறிப் பாக்கணும்னு தோணும். அங்க ஒரு கல்தூண் இருக்கு. அதுல அவர் பேரும் நம்பரும் வெட்டியிருக்கு. நம்பர் அவரோட போயிருச்சுன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன்.

அப்பத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல இவன் வந்து கேட்டத் தட்டுறான். மீசை கூட சரியா முளைக்கல. கையில ஒரு சீப்பு பழம். 'யாருப்பா'ன்னேன். 'போலீஸும்மா'ன்னான். 'அடையாள அட்டையக் காட்டு'ன்னேன். காட்டினான். வாங்கி ரெண்டு பக்கமும் பாத்தேன். 'அம்மா, உங்க வீட்டுக்காரர் நம்பர எனக்குக் குடுத்திருக்காங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்'னான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. கல்லுல வெட்டின நம்பர எப்படிடா இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுப்பாங்க? அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தண்ணி வேணுமான்னு கூடக் கேக்கல. பழத்தையும் வாங்கல. மறுநாள் நேரா எஸ்.பி. ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்க இருந்த கிளார்க்கு பொறுமையாத்தான் சொன்னாரு. ரிடையர் ஆனாலும் சரி, செத்தாலும் சரி, நம்பர் காலியாயிரும், அடுத்து வர்ற பேட்சுல யாருக்காவது போகும், எப்பவும் உள்ள வழக்கம்தாம்மான்னாரு. அவர் பேச்சும் எனக்கு முழுசா நம்பிக்கையா இல்ல.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தான். அதுக்கு அடுத்த வாரமும் வந்தான். எதுக்கு வர்றான்? நீங்களே சொல்லுங்க. வயசுப் பொண்ணு வீட்டுல இருக்கா. சரி, வடிவுக்குத்தான் வலை வீசுறான்னு நெனச்சேன். அவ வந்தா நிமிந்து பாக்கமாட்டான், 'தங்கச்சி, அந்த ஸ்பேனர எடும்மா'ம்பான். அப்புறம் வேற மாதிரி யோசிச்சேன். கயித்தப் பத்தி நான் மனு மேல மனு போடுறேன்ல, என்ன சொல்றா ஏது சொல்றான்னு பாத்து வரச்சொல்லி மேலேருந்து இவன அனுப்பியிருக்காங்க. அதான் இவன் அவரப் பத்தியே கேக்குறான். எப்படிச் சிரிப்பாரு, கோவம் வருமா, டூட்டிக்குக் கிளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போவாரு. உளவு பாக்குறவன்தானே இதெல்லாம் கேப்பான்?

நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு மூணு விஷயந்தான் சொன்னேன். சரி, கொஞ்சம் நிறையவே சொன்னேன். கேக்குறதுக்கு வேற யாரு இருக்கா, வர்றவங்க எல்லாம் 'மறந்துருங்க அக்கா'ன்னுட்டுப் போறாங்க. கொல்லைலேருந்து 'உள்ளேன் ஐயா'ன்னுட்டு வருவாருன்னு நான்தான் அவன்கிட்டச் சொன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டான்.

மோட்டார் ரிப்பேர் ஆச்சு, வந்து பாத்தான். கூலி வாங்கல. எனக்குச் சந்தேகம் கூடிப்போச்சு. வடிவுக்குக் கல்யாணம் ஆச்சு, கோவில்பட்டி மாப்பிள்ளை. எங்க அண்ணன் வந்து பந்தில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனான். இவன் மூணு நாள் லீவு போட்டு, பந்தல் போடுறதுலேருந்து எச்சில் இலை எடுக்குற வரைக்கும் நின்னான். எல்லாரும் போனதுக்கப்புறம் நான் கதவச் சாத்திட்டு பீரோவத் திறந்து பாத்தேன். எல்லாம் இருந்துச்சு. அதுவே எனக்குச் சந்தேகம். ஒண்ணும் எடுக்காதவன் எதுக்காக வர்றான்?

இன்னொண்ணு கேளுங்க. அவன் மோட்டார் சைக்கிள் பெட்டியில எப்பவும் ஒரு நைலான் கயிறு வெச்சிருப்பான். மழைக்காலம் ஆரம்பிக்கும்போது பழச எடுத்துப் போட்டுட்டுப் புதுசு வாங்கி வெப்பான். சர்க்கார் குடுக்கல, சொந்தக் காசு. 'இதெல்லாம் யாரு கண்ணுக்குக் காட்ட'ன்னு கேட்டேன். 'இந்த நம்பர் தண்ணியில போயிருக்கு, அதான் நான் வேலைக்குச் சேந்ததும் நீச்சல் கத்துக்கிட்டேம்மா'ன்னான். கெணத்துல பசங்களோட சேந்து கத்துக்கிட்டானாம். என் மனுவுக்குப் பதிலே வரல. இவன் பெட்டியில கயிறு கிடக்கு.

பெத்தவ இல்ல அவனுக்கு. சின்ன வயசுலயே போயிட்டா. அப்பன் திருப்பூர்ல கிடக்கான். அதனாலதான் என்னைய அம்மான்னு ஒட்டிக்கிறான்னு வடிவு சொல்லுவா. இருக்கலாம். நான் அவன மகன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவனுக்கு வெங்காயம் அதிகம் போட்ட சாம்பார் பிடிக்கும், ஞாயித்துக்கிழமை ஆனா அதத்தான் வெக்கிறேன், அது வேற விஷயம். எனக்கும் பிடிக்கும்.

இப்ப நீங்க கேள்விப்பட்ட சமாசாரத்துக்கு வர்றேன். போன மாசம் நடந்தது. முழுசா யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டாங்க. சொன்னவன் யாருன்னு எனக்குத் தெரியும், ஆயுதப்படை ஸ்டோர்ல இருக்கிற ஏட்டுதானே? தலைய ஆட்டவேணாம், தெரியும்.

வீரவணக்க நாள் அன்னிக்கு, நாடு பூரா அந்த வருஷம் செத்தவங்க பேரெல்லாம் வாசிச்சுட்டு, கடைசில நம்ம மாவட்டத்துல இதுவரைக்கும் செத்தவங்களையும் வாசிப்பாங்க. நம்பர், பேர், அவ்வளவுதான். ஒவ்வொரு பேருக்கும் அப்புறம் ஒரு நொடி சும்மா விடுவாங்க. அந்த நொடிதான் எனக்கு ஆகாது. சால்வையத் தாங்கிக்குவேன், சங்கு மாதிரி ஊதுற அந்தக் குழலக் கூடத் தாங்கிக்குவேன். அந்த நொடியத் தாங்க முடியாது. அந்த மனுஷன் நம்பரக் கூப்பிட்டு அவரு பதில் சொல்லாம இருந்து நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. கூப்பிடுறாங்க, கூப்பிட்டுட்டு அவங்களே அடுத்த பேருக்குப் போயிடுறாங்க. வருஷா வருஷம் நான் முந்தானைய வாயில வெச்சு அடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

முந்தின வருஷமெல்லாம் நாயகத்துக்கு அன்னிக்கு வேற எங்கயாவது பந்தோபஸ்து போட்டுருவாங்க. இந்த வருஷந்தான் அணிவகுப்புல நின்னான். துப்பாக்கியத் தலைகீழாப் பிடிச்சு, தலையக் குனிஞ்சு நிக்கணும், அதான் மரியாதை. எல்லாரும் அப்படி நிக்குறாங்க. மைக்குல வாசிக்கிறாரு, 'பதினான்கு பன்னிரண்டு, காவலர் பால்வண்ணன்.'

'உள்ளேன் ஐயா.'

வரிசைக்குள்ளேருந்து. நல்ல கணீர்னு. மைதானம் பூரா கேட்டுச்சு.

வாசிச்சவரு அப்படியே நின்னுட்டாரு. பெரிய ஆபீசருக்கு மொகம் சிவந்துபோச்சு. எம் பக்கத்துல, இந்த வருஷம் புருஷனக் குடுத்த ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருந்தா, அவ என் கையப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் அடுத்த பேர வாசிச்சாங்க, துப்பாக்கி வெடிச்சாங்க, எல்லாம் முடிஞ்சுது. மத்தியானம் அவனத் தனியாக் கூப்பிட்டு, துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிட்டு மைதானத்தச் சுத்த விட்டாங்களாம். விழுகிற வரைக்கும் ஓடினானாம். அதோட போச்சா? செத்தவன் பேரக் கூப்பிடும்போது உசுரோட இருக்கிறவன் பதில் சொல்லிட்டான், இது நல்லதுக்கில்ல, அடுத்த வருஷம் இவன் பேரும் தூண்ல ஏறிரும்னு போலீஸ் லைன் வீடு பூராப் பேச்சு. அந்தப் பேச்சுதான் பஸ் ஏறி உங்க ஊருக்கு வந்திருக்கு.

எல்லாரும் அவனுக்கு என்ன ஆகுமோன்னு பேசினாங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. உங்ககிட்டச் சொல்றேன், வெளில சொல்லாதீங்க. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு, கொல்லைலேருந்து வந்துட்டாரு, சோறு போடணும்னு தோணிச்சு. ஒரு நொடிதான். அந்த மைதானத்துல நான் அழாம எந்திரிச்சு வந்தது இந்த வருஷந்தான்.

அதுக்காக விட்டுருவேனா? ஞாயித்துக்கிழமை வந்தவன வாசல்லயே நிறுத்தினேன். 'வேணும்னுதானே சொன்ன'ன்னேன். 'இல்லம்மா, பழக்கதோஷம், தெனமும் ரோல்கால்ல அந்த நம்பருக்குப் பதில் சொல்றேன்ல, காதுல விழுந்ததும் வாய் தவறிருச்சு'ன்னான். எப்படி வாய் தவறும்? முந்தின வாரம் பூரா ரிகர்சல் நடக்குது, எந்தப் பேருக்கப்புறம் எந்தப் பேர் வரும்னு மைதானத்துல புல்லு பிடுங்குறவனுக்குக் கூடத் தெரியும். 'சத்தியம் பண்ணு'ன்னேன். கோமதி அம்மன் மேல சத்தியம் பண்ணினான். அவன் பேர்லயே இருக்கிற தெய்வம். இருந்தாலும் முழி சரியில்ல.

இப்ப சொல்லுங்க. நம்பர மாத்தணும், அவ்வளவுதானே? மாத்தினா அந்த நம்பர் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? சும்மா கிடக்காது அண்ணாச்சி. அடுத்த பேட்சுல எந்த வீட்டுப் புள்ளைக்காவது போகும். உங்க மருமகனுக்கு ஆகாதது அவனுக்கு மட்டும் ஆகுமா? அவனும் ஒருநாள் சீப்பு பழத்தோட எங் கேட்டுல வந்து நிப்பான். அவனுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?

தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க. நல்லவரு. பேசத் தெரிஞ்சவருன்னா ஏதாவது சமாளிச்சிருப்பீங்க.

நம்பர் ஆளக் கொல்லும்னு நான் நம்பல. ஆளக் கொன்னது கயிறு. ஆனா அண்ணாச்சி, முன்னெல்லாம் மழை பெய்ஞ்சா நான் கொடியில கிடக்குற துணிய எடுத்துப் போட்டுட்டு என் வேலையப் பாப்பேன். பயப்பட எனக்கு என்ன இருந்துச்சு, போக வேண்டியது போயாச்சு. இப்ப ரெண்டு மூணு வருஷமா வானம் கறுத்தா துணிய மறந்துட்டுப் போனத்தான் தேடுறேன். கேக்குதா, பிடிச்சிருச்சு பாருங்க, நல்ல மழை. இன்னிக்கு அவனுக்கு டூட்டி எங்கன்னு தெரியுமா? அதே தரைப்பாலம். காலைல போன் பண்ணிச் சொன்னான், ஏதோ கோயிலுக்குப் போற மாதிரி.

இருங்க. அந்தப் போன எடுங்க. இல்ல, நானே அடிக்கிறேன், நீங்க அடிச்சா நம்பமாட்டான்.

மணி அடிக்குது. எடுக்கல.

டூட்டில இருந்தா சிலசமயம் எடுக்கமாட்டான். வண்டிய மறிச்சிட்டிருப்பான். பெட்டிக்குள்ள போன வெச்சிருப்பான், நனையும்னு. இன்னொரு தடவ அடிச்சுப் பாக்குறேன்.

எடுக்கல. எதுக்கு எடுக்கல? நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. ஒண்ணும் இருக்காது. நீச்சல் தெரியும் அவனுக்கு. புதுக் கயிறு, போன வாரந்தான் வாங்கினான், நான்தான் இழுத்துப் பாத்தேன். அந்த ஜன்னலச் சாத்துங்க அண்ணாச்சி, சாரல் அடிக்குது. வேணாம், தெறந்தே இருக்கட்டும்.

இந்தா அடிக்குது, அவனேதான்.

ஏண்டா போன எடுக்க உனக்கு என்ன கேடு? கை ஈரமா? தொடச்சுட்டு எடுக்க வேண்டியதுதானே. தண்ணி எவ்வளவு ஓடுது? சொல்லாத, பொய் சொல்லுவ. சரி கேளு. அந்த நம்பர மாத்திக்கோ. அம்மாதான் சொல்றேன். யாரும் சொல்லிக் குடுக்கல. யாரும் வரல, ஆமா வந்திருக்காரு, உக்காந்திருக்காரு, அவருக்காகச் சொல்லல. எனக்காகத்தான் சொல்றேன். எனக்கு அந்த நம்பர் வேணாம்டா, நீதான் வேணும். நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேரணும். அவ்வளவுதான். சாம்பார் வெச்சிருக்கேன். என்ன? என்ன கேட்ட? சத்தமாக் கேளு, மழையில விழல.

சரி. வை. பாத்து நில்லு.

மாத்திக்கிறேன்னுட்டான் அண்ணாச்சி. நாளைக்கே எழுதிக் குடுத்துருவானாம். நீங்க போய் நாள் பாக்கலாம்.

வைக்கிறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டான். 'அப்ப அடுத்த வருஷம் அவரக் கூப்பிடும்போது யாரும்மா பதில் சொல்லுவா'ன்னு கேட்டான்.

வாய் தவறிருச்சுன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணினவன் அண்ணாச்சி. எனக்கு அன்னிக்கே தெரியும்.